8,500 ரூபாய்க்கு ‘மூக்கு சென்சிட்டிவிட்டி டெஸ்ட்’: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

சென்னையில் தும்மல், மூக்கடைப்பு என்று அலைகிறவர்களுக்காகவே ‘மூக்கு சென்சிட்டிவிட்டி டெஸ்ட்’ என்று ஒரு பேக்கேஜ் வைத்திருக்கிறார்கள். நான் 8,500 ரூபாய் கட்டினேன். அந்த ரிப்போர்ட்டைக் காட்டி, அலர்ஜிக்காக நாக்குக்கு அடியில் விடும் சொட்டு மருந்துக்கு ஒரு வருஷத்துக்கான பணம் என்று இன்னொரு 24,000 வாங்கிக்கொண்டார்கள். புகார் நடப்பதால் கிளினிக் பெயரைப் போடவில்லை.

காலையில் எழுந்தால் வரிசையாகத் தும்மல், ஏசி பஸ் ஆகாது, சாம்பிராணிப் புகை ஆகாது, மிளகாய் தாளிக்கிற நெடி ஆகவே ஆகாது. இதுதான் என் தொந்தரவு. ராத்திரி ஒரு லிவோசெட்டிரிசின் (செட்டிரிசின் வகை அலர்ஜி மாத்திரை) போட்டால்தான் தூக்கம் வரும். இதை, அலர்ஜிப் பொருள்களைக் கையில் சொட்டாக வைத்துக் குத்திப் பார்க்கும் தோல் சோதனைக்கு வந்த பெண்ணிடம் சொன்னேன். “அதெல்லாம் பரவாயில்லை சார்” என்றார். குத்தி இருபது நிமிஷம் ஆகியும் தோலில் ஒரு தடிப்பும் இல்லை.

“தோலில் காட்டாதது மூக்கில் காட்டும்” என்று சொல்லி, லேபிள் இல்லாத ஒரு பாட்டிலில் இருந்து இரண்டு பக்கமும் ஸ்ப்ரே அடித்தார். தும்மித் தீர்த்தேன். மூக்கு ஒழுகியது. உடனே படிவத்தில் ‘டஸ்ட் மைட் – ஹை’ என்று டிக். டஸ்ட் மைட் என்றால் வீட்டுத் தூசியில் வாழும் நுண்ணிய உண்ணி. கொஞ்ச நேரத்தில் நெஞ்சு இறுகி வீசிங் வந்தது. அந்த மாடியிலேயே டாக்டர் இல்லை. ரிசப்ஷனில் வெந்நீர் கொடுத்தார்கள்! ஆஸ்துமா உண்டா என்று அதுவரை ஒருவரும் கேட்கவில்லை. மூக்குக்குள் அலர்ஜிப் பொருளை விட்டுப் பார்க்கிற சோதனையை டாக்டர் பக்கத்தில் இருக்க, கடும் அலர்ஜிக்கான அவசர ஊசி மருந்தான அட்ரினலின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கத்தான் செய்ய வேண்டும். ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லாதவருக்குச் செய்யவே கூடாது.

சொட்டு மருந்து வேலை செய்யாததால், ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இ.என்.டி. டாக்டரிடம் ரிப்போர்ட்டை நீட்டினேன். அவர் விரல் நேராக ஒரு வரிக்குப் போனது: ‘ஹிஸ்டமின் – 0’. தோல் சோதனையில் ஹிஸ்டமின் (அலர்ஜியின்போது உடம்பே வெளியிடும் பொருள்) சொட்டு ஒன்றும் வெறும் உப்புநீர்ச் சொட்டு ஒன்றும் கட்டாயம் இருக்கும். ஹிஸ்டமினுக்கு யாருக்கும் தடிக்க வேண்டும், உப்புநீருக்குத் தடிக்கக் கூடாது. அப்போதுதான் மற்ற புள்ளிகளைப் படிக்கலாம். உப்புநீரை விட 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் தடித்தால் பாசிட்டிவ். செட்டிரிசின் வகை மாத்திரை உடம்பில் இருந்தால் ஹிஸ்டமினே தடிக்காது. அதனால் அதை ஒரு வாரம் போல நிறுத்திவிட்டுத்தான் குத்துவார்கள். ஹிஸ்டமின் பூஜ்யம் என்றால் அந்தத் தாளுக்கு மதிப்பே இல்லை.

மூக்கு ஸ்ப்ரே விஷயம் இதைவிட மோசம். அலர்ஜி வேறு, மூக்கு எதற்கெடுத்தாலும் கூசுவது வேறு. குளிர்காற்று, புகை, நெடி எதற்கும் துள்ளுகிற மூக்கு அலர்ஜி உள்ளவர்களுக்கும் இருக்கும், இல்லாதவர்களுக்கும் இருக்கும். அந்தக் கூச்சத்தை அளக்க வேண்டுமென்றால் குளிர்ந்த உலர் காற்றை மூக்கில் செலுத்திப் பார்க்கிற முறை உண்டு. டஸ்ட் மைட்தான் காரணமா என்று பார்க்க வேண்டுமென்றால் முதலில் உப்புநீரை அடிக்க வேண்டும், அப்புறம்தான் மைட் கரைசல். இரண்டுக்கும் முன்னும் பின்னும் தும்மல், ஒழுக்கு, அடைப்பு எல்லாம் குறிக்கப்படும். அடைப்பை நம் வாய்ச்சொல்லோடு விடாமல் கருவி வைத்தும் அளப்பார்கள். முகமூடி வைத்த ஒரு சின்னக் குழாயில் மூக்கால் பலமாக இழுத்தால், நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் காற்று போகிறது என்று காட்டும். எனக்கு அந்தக் கிளினிக்கில் இதில் ஒன்றுகூட நடக்கவில்லை.

மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டர் மறுபடி குத்தினார். ஹிஸ்டமின் மட்டும் நன்றாகத் தடித்தது, மற்றதெல்லாம் சும்மா இருந்தன. தோலிலும் ரத்தத்திலும் காட்டாமல் மூக்கில் மட்டும் அலர்ஜி இருக்கிறவர்களும் உண்டு என்பதால் மூக்குச் சோதனையையும் முறைப்படி ஆரம்பித்தார். உப்புநீருக்கே தும்மிவிட்டேன். சோதனை அங்கேயே நின்றது. உப்புநீருக்கே துள்ளுகிற மூக்கில் மைட் சோதனைக்கு அர்த்தமில்லையாம். ஆக, 24,000 ரூபாய்ச் சொட்டுக்கு என்ன அடிப்படை?

சொட்டு மருந்து வைத்தியமே பொய் என்று சொல்ல வரவில்லை. சரியாகக் கண்டுபிடித்த அலர்ஜிக்கு அது உண்மையான வைத்தியம்தான், மூன்று வருஷம் போல எடுக்க வேண்டியது. அதனால்தான் தப்பான ரிப்போர்ட் இத்தனை செலவு வைக்கிறது. இதே இடத்தில் பால், கத்தரிக்காய் என்று நூற்றுக்கணக்கான உணவுகளுக்கு ஐஜிஜி ரத்தப் பரிசோதனையும் தலையில் கட்டப் பார்த்தார்கள். ஐஜிஜி என்பது ரத்தத்தில் இருக்கும் ஒரு வகை எதிர்ப்புப் புரதம்; அந்த உணவைச் சாப்பிட்டிருக்கிறோம் என்பதைத்தான் அது காட்டும். அலர்ஜிக்கு அதைப் பார்க்க வேண்டாம் என்று ஐரோப்பிய அலர்ஜி மருத்துவர் அமைப்பு 2008-லேயே சொல்லிவிட்டது.

மாட்டிக்கொண்டவர்கள் முதலில் எழுத்தில் உங்கள் மருத்துவப் பதிவுகளைக் கேளுங்கள். 72 மணி நேரத்தில் கொடுக்க வேண்டும் என்று டாக்டர்களுக்கான 2002 விதிமுறை சொல்கிறது. ஸ்ப்ரேயில் இருந்தது என்ன கரைசல், எந்தக் கம்பெனி, ஹிஸ்டமினுக்கு எவ்வளவு தடித்தது என்று குறிப்பிட்டே கேளுங்கள். அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நான் அதில் பதிந்த பிறகு சொட்டு மருந்துப் பணத்தில் பாதி திரும்பி வந்தது. மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். கரைசலின் பெயரைக் கிளினிக்கில் இன்னும் சொல்லவில்லை.