முழங்கால் சில்லு விலகினால்: பயிற்சியா, தையலா, புதுப் பிணைநாரா?

என் தங்கையின் முழங்கால் சில்லு முதன்முறை விலகியபோது அவளுக்கு வயது 15. வலைப்பந்து ஆட்டத்தில் பந்தைப் பிடித்துக் காலை ஊன்றித் திரும்பிய நொடியில் சில்லு வெளிப்பக்கமாகப் போய் நின்றது. இரண்டாம் முறை அவள் விளையாடிக்கொண்டிருக்கவில்லை; மழை ஓய்ந்த ஒரு மாலையில், எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு (தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு) இறங்கும் படிக்கட்டில் தண்ணீர்க் குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். இந்த இரண்டுக்கும் இடையிலும் அதற்குப் பின்னரும், இவ்விடயம் பற்றிய ஆய்வுகளை ஒவ்வொன்றாகத் தேடிப் படித்தேன். சத்திரசிகிச்சையின்றிப் பயிற்சியால் காலைத் தேற்றுவது, அறுந்த பிணைநாரை (எலும்போடு எலும்பைக் கட்டும் நாரை) தைப்பது, உடம்பிலிருந்தே ஒரு நாணை (தசையை எலும்போடு இணைக்கும் நாரை) எடுத்துப் புதிய பிணைநார் அமைப்பது என்று நம் முன் இருக்கும் வழிகள் மூன்று. எங்கள் இலங்கை மலையகத்தில் எந்தக் காலுக்கு எது பொருந்தும் என்ற கேள்வியோடுதான் அவற்றை இங்கே ஒப்பிடுகிறேன்.

முழங்கால் சில்லு, தொடையெலும்பின் கீழ்முனையில் உள்ள ஒரு பள்ளத்தில் ஏறி இறங்குகிறது. கால் நன்றாக மடங்கியிருக்கும்போது அந்தப் பள்ளத்தின் சுவர்களே சில்லைக் காக்கின்றன. கால் நீட்டியிருக்கும்போதோ சில்லு பள்ளத்துக்கு மேலே நிற்பதால், முதல் 30 பாகை மடிப்பு வரை எலும்பின் துணை மிகக் குறைவு. அந்த இடைவெளியில் சில்லை உட்பக்கமாக இழுத்துப் பிடிப்பது, சில்லின் உள்விளிம்பிலிருந்து தொடையெலும்புக்குச் செல்லும் சுமார் 55 மில்லிமீற்றர் நீளமான ஒரு மெல்லிய பிணைநார். சில்லு வெளிப்பக்கம் போகாமல் தடுக்கும் வலுவில் பாதிக்கும் மேல் இதனுடையது. ஆய்வுகூடத்தில் இழுத்துப் பார்த்தபோது சராசரியாக 208 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 21 கிலோ எடைக்குச் சமமான விசையில், இது அறுந்தது. சில்லு முழுதாக விலகினால் இந்தப் பிணைநார் ஏறக்குறைய எல்லோருக்கும் கிழிந்துவிடுகிறது. படிக்கட்டில் இறங்கும்போது கீழ்ப்படியில் முதலில் ஊன்றும் கால், அநேகமாக நீட்டிய நிலையிலேயே ஊன்றுகிறது என்பதை நினைத்துப் பார்த்தால், பிணைநார் கிழிந்த ஒருவருக்குத் தோட்டத்துப் பாதை என்னவாக இருக்கும் என்பது விளங்கும்.

ஒப்பீட்டுக்குள் போகுமுன் ஒரு விலக்கைச் சொல்லியாக வேண்டும். சில்லு விலகும்போதோ திரும்ப உட்காரும்போதோ எலும்போடு ஒட்டிய குருத்தெலும்புத் துண்டு ஒன்று உடைந்து மூட்டுக்குள் கிடந்தால், அது முதல் விலகலாக இருந்தாலும் சத்திரசிகிச்சை தேவைப்படும். துண்டு பெரிதானால் பொருத்த வேண்டும், சிறிதானால் எடுக்க வேண்டும். சாதாரண எக்ஸ்ரேயில் இத்துண்டு சில வேளைகளில் தெரியாமல் போய், எம்.ஆர்.ஐ படத்தில்தான் தெரியவரும். வீங்கிய மூட்டிலிருந்து எடுத்த இரத்தத்தில் கொழுப்புத் துளிகள் மிதந்தால் எலும்பு உடைந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பலர் முதலில் முறிவு நெரிவு வைத்தியரிடமே போகிறார்கள். எண்ணெய் பூசிக் கட்டிவிட்டால் வீக்கம் வற்றும், நோவும் குறையும். அவர்களது கைப்பக்குவத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் சில்லு தன்னிடத்துக்கு வந்துவிட்டது என்பதால் மூட்டுக்குள் ஒன்றும் உடையவில்லை என்று ஆகாது. எக்ஸ்ரே எடுத்த பின் எண்ணெய் பூசலாம், எடுக்காமல் பூசக் கூடாது.

துண்டு எதுவும் உடையாத முதல் விலகலுக்குப் பயிற்சி வழியே முதலில் நிற்கிறது. அமெரிக்காவில் பித்தியன் குழுவினர் 189 பேரைத் தொடர்ந்து கவனித்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், முதன்முறை விலகியவர்களில் 17 சதவீதத்தினருக்கே இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் மீண்டும் விலகியது. முன்பே விலகிய வரலாறு உள்ளவர்களில் அது 49 சதவீதம். வேறு ஆய்வுகளில், குறிப்பாகச் சிறுவர் அதிகமாக உள்ளவற்றில், முதல் விலகலுக்குப் பிந்திய எண்ணிக்கை இதைவிட மிக உயர்வாக இருக்கிறது. எனினும் ஒருமுறை விலகிய கால், இருமுறை விலகிய கால் என்ற வேறுபாடே இங்கு முதன்மையான அளவுகோல் என்று நான் கருதுகிறேன்.

காலை எப்படி அசையாமல் வைப்பது என்பதிலும் ஒப்பிட வேண்டியது உண்டு. பின்லாந்தில் 100 பேரைச் சராசரியாக 13 ஆண்டுகள் கவனித்து 1997இல் வெளிவந்த ஆய்வில், வெறும் பட்டிக் கட்டோடு விடப்பட்டவர்களுக்கு மீள்விலகல் மற்றவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. முழுப் பிளாஸ்டர் போட்டவர்களுக்கு மூட்டு இறுகியது. பின்பக்கம் மட்டும் தாங்கும் பாதிச் சிம்பு வைத்தவர்களே நன்றாகத் தேறினார்கள். என் தங்கைக்கு முழுப் பிளாஸ்டர் ஆறு வாரம் இருந்தது. அதை வெட்டிய நாளில் அவளது தொடை மற்றத் தொடையைவிடக் கண்ணுக்குத் தெரியும் அளவு மெலிந்திருந்தது. தொடையின் முன்தசையைத் திரும்ப வளர்ப்பதுதான் இந்த வழியின் உயிர். பிளாஸ்டர் வெறும் தொடக்கம். அவளுக்குக் கிளினிக்கில் கொடுத்த பயிற்சித்தாள் எங்கள் வீட்டில் யாரும் வாசிக்க முடியாத மொழியில் இருந்தது. அதிலிருந்த படங்களைப் பார்த்து இரண்டு வாரம் செய்தாள், பிறகு விட்டுவிட்டாள். அடுத்த கிளினிக்குக்கு அம்மா ஒரு நாள் பேரை (தோட்டத்து நாட்சம்பளத்தை) இழந்து, இரண்டு பஸ் மாறிக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. பயிற்சி வழி தோற்றுவிட்டது என்று எங்கள் வீட்டில் சொன்னார்கள். அது முழுதாகச் செய்து பார்க்கப்படவே இல்லை என்பதுதான் உண்மை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கிறது, ஏனென்றால் தமிழில் அச்சிட்ட ஒரு தாள் போதுமாயிருந்திருக்கும்.

அறுந்ததைத் தைத்துவிட்டால் முடிந்தது என்று எவருக்கும் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆய்வுகள் அதற்கு வலுவான ஆதரவு தரவில்லை. பின்லாந்தில் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை இரு பிரிவாக்கிச் சராசரியாக 14 ஆண்டுகள் கவனித்துப் பல்மு குழுவினர் 2008இல் வெளியிட்ட முடிவில், தைத்த பிரிவில் 67 சதவீதத்தினருக்கும் தைக்காத பிரிவில் 71 சதவீதத்தினருக்கும் சில்லு மீண்டும் விலகியிருந்தது. அதே ஆண்டு டென்மார்க்கில் வெளியான கிறிஸ்டியன்சன் குழுவின் ஆய்விலும் இரண்டாண்டு முடிவில் மீள்விலகல் தைத்த பிரிவில் 17 சதவீதமும் தைக்காத பிரிவில் 20 சதவீதமும்தான். வேறுபாடு என்று சொல்ல ஒன்றுமில்லை. இதற்கு எதிராக நிற்பது 2009இல் வந்த சில்லன்பா குழுவின் ஆய்வு: சத்திரசிகிச்சை செய்த 17 பேரில் ஒருவருக்கும் திரும்ப விலகவில்லை, செய்யாத 21 பேரில் 6 பேருக்கு விலகியது. ஆனால் அவர்கள் பெரும்பாலும் பின்லாந்தின் படைச்சேவையில் இருந்த இளம் ஆண்கள். அத்துடன் முழங்காலின் நலத்தை அளக்கும் புள்ளிகளில் இரு பிரிவினரும் ஏறக்குறைய சமமாகவே இருந்தார்கள். பிணைநார் அறுவதற்கு முன் நீண்டு நைந்துவிடுகிறது, அறுவதும் எல்லோருக்கும் ஒரே இடத்தில் அல்ல. நைந்த கயிற்றின் ஒரு முனையை மட்டும் கட்டுவதுபோல ஆகிவிடுவதால்தான் தையல் நிலைக்கவில்லை என்று நான் விளங்கிக்கொள்கிறேன். உடைந்த துண்டுக்காக மூட்டைத் திறக்க நேரும்போது கூடவே தைப்பது வேறு விடயம். தையலுக்காக மட்டும் ஒரு பிள்ளையைச் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குக் கொண்டுபோவதை என்னால் ஆதரிக்க முடியவில்லை.

மூன்றாவது வழி, புதிய பிணைநார். பிரேசிலில் எல்லெரா கோமஸ் 1992இல் செயற்கை இழையால் இதை அமைத்துக் காட்டினார். இன்று பெரும்பாலும் நோயாளியின் தொடைப் பின்புறத்து நாண் ஒன்றையே எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். அந்நாண் இயற்கைப் பிணைநாரைவிடப் பல மடங்கு வலுவானது. பிரேசிலிலேயே பிட்டார் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், சில்லுக்குக் கீழுள்ள நாணின் ஒரு கீற்றால் புதுப் பிணைநார் அமைத்தவர்களில் ஒருவருக்கும் சில்லு மீண்டும் நழுவவில்லை. பயிற்சி மட்டும் செய்த பிரிவில் 35 சதவீதத்தினருக்கு நழுவியது அல்லது விலகியது. முழங்காலின் நலத்தைக் கேள்வித்தாளால் அளந்து நூற்றுக்குக் கணக்கிடும் குயாலா புள்ளிகளிலும் புதுப் பிணைநார் பிரிவுக்கு 88.9, பயிற்சிப் பிரிவுக்கு 70.8 என்று தெளிவான இடைவெளி இருந்தது.

இந்த எண்களை மட்டும் பார்த்தால் எல்லோருக்கும் இதையே செய்யலாமே என்று தோன்றும். ஆனால் 2012இல் 629 முழங்கால்களின் பதிவுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு மீளாய்வு 164 சிக்கல்களைக் கணக்கிட்டது: மடக்க முடியாமை, நோவு, சில்லில் துளையிட்ட இடத்தில் முறிவு, திரும்பவும் தளர்வு. தொடையெலும்பில் நாண் பொருந்தும் புள்ளி சில மில்லிமீற்றர் விலகினாலும், கால் மடங்கும்போது நாண் அளவுக்கு மீறி இறுகிக் குருத்தெலும்பை அழுத்தும். அதனால்தான் ஷோட்லே 2007இல் எக்ஸ்ரேயில் பார்த்துக் குறிக்கக்கூடிய ஒரு புள்ளியை வரையறுத்தது இத்துறையில் அவ்வளவு பெரிதாகப் பேசப்படுகிறது. வளரும் பிள்ளைகளுக்கு அப்புள்ளி எலும்பு நீண்டு வளரும் இடமான வளர்ச்சித் தட்டுக்கு மிக அருகில் விழுவதால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். தரையில் குந்தி அடுப்பெரிப்பவர்களுக்கும், குந்தும் மலசலகூடமே உள்ளவர்களுக்கும் மடிப்பில் 20 பாகை குறைந்தால் அது சிறு குறையாக இராது.

புதுப் பிணைநாரே எல்லாவற்றையும் தீர்க்கும் என்பதும் இல்லை. பிரான்சின் லியோனில் தெஜூர் குழுவினர் வகுத்த அளவுகள் இன்றும் முடிவைத் தீர்மானிக்கின்றன: தொடையெலும்பின் பள்ளம் ஆழமற்றதா, சில்லு வழமைக்கு மேலே நிற்கிறதா, பள்ளத்தின் நடுவுக்கும் சில்லு நாண் கீழெலும்பில் பதியும் மேட்டுக்கும் இடையிலான பக்கவாட்டுத் தூரம் 20 மில்லிமீற்றரை எட்டுகிறதா என்பவை. இழுக்கும் கோணமே பிழைத்திருக்கும் காலில் பிணைநாரை மட்டும் மாற்றினால் புதியதும் அதே இழுப்புக்கு ஆளாகும். அங்கே எலும்பு மேட்டை நகர்த்தும் சத்திரசிகிச்சையும் சேர வேண்டியிருக்கலாம். ஆகவே ஸ்கேன் அளவுகள் கையில் இல்லாமல் இந்த வழியைத் தெரிவு செய்வது அவசரம்.

குயாலா கேள்வித்தாளில் உள்ள 13 கேள்விகளில் படியேறுவது, குந்துவது, ஓடுவது, பாய்வது எல்லாம் இருக்கின்றன. கொழுந்து நிறைந்த கூடையோடு ஈரச் சரிவில் ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக நிற்பது அதில் இல்லை; அதை வகுத்தவர்களிடம் அதை எதிர்பார்க்கவும் முடியாது. எனவே கொழுந்து பறிக்கும் ஒரு பெண் ஆய்வில் நல்ல புள்ளி பெற்றாலும் மலைக்குத் திரும்ப முடியுமா என்பதைச் சத்திரசிகிச்சை நிபுணரிடமும் இயன்மருத்துவரிடமும் (பிசியோதெரபிஸ்ட்) வேலையின் விவரத்தோடு தனியே கேட்க வேண்டும். அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. ஆனால் எந்த வழியில் போனாலும் சரிவில் பாரம் தூக்கப் பல மாதங்கள் ஆகும், அம்மாதங்களின் நாட்சம்பளமே உண்மையான செலவு. முதல் விலகலில் பயிற்சி வழியை முழுமையாகச் செய்வதற்கு ஒரு பருவம் போகும். அதைச் செய்தும் இரண்டாம் முறை விலகிய கால், ஒவ்வொரு விலகலிலும் குருத்தெலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கிறது. அந்தக் காலை மூன்றாம் விலகலுக்காகக் காத்திருக்க வைப்பதைவிடப் புதுப் பிணைநாருக்கு அனுப்புவதே சரி என்பது என் முடிவு.

என் தங்கையின் ஸ்கேன் கண்டியில் எடுக்கப்பட்டது. எலும்பு மேட்டின் தூரம் 16 மில்லிமீற்றர், பள்ளம் கொஞ்சம் ஆழம் குறைவு, வளர்ச்சித் தட்டு மூடியிருந்தது. தொடைப் பின்புறத்து நாணால் பிணைநார் அமைத்தார்கள். இம்முறை பயிற்சிகளை இயன்மருத்துவர் வாயால் சொல்லச் சொல்ல நானே தமிழில் எழுதி லயத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். ஐந்தாம் மாதம் நடக்கிறது. கால் 130 பாகை வரை மடங்குகிறது, தொடைச் சுற்றளவில் இன்னும் இரண்டு சென்றிமீற்றர் வித்தியாசம் இருக்கிறது.