ஏர்போட்டுக்கு பிக் பிளாக்: காடிலாக் 500ஆ, செவி 502ஆ, 8.1ஆ?

ஏப்ரல் மாதம் புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பில் தண்ணீர் நன்றாக வற்றியிருக்கும். போன ஏப்ரலில் என் பக்கத்து வீட்டுக்காரரின் ஏர்போட், ரம்பப்புல் காட்டுக்கு நடுவே ஒரு மேட்டில் ஏறி நின்றுவிட்டது. படகில் நான்கு பேர், ஒரு ஐஸ் பெட்டி. சுக்கானை இடமும் வலமும் மாற்றி மாற்றித் தள்ளிப் படகை ஆட்டிப் பார்த்தார். அடித்தகட்டைச் சேறு கவ்விப் பிடித்தால் அப்படித்தான் விடுவிப்பார்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 2,900 சுற்றில் அலறியது, படகு அசையவில்லை. மூன்று பேர் இறங்கிக் கணுக்கால் சேற்றில் நின்று தள்ளிய பிறகுதான் நகர்ந்தது. கையெல்லாம் புல் அறுத்த கோடுகள். கரைக்கு வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, “இதற்கு பிக் பிளாக் போட்டே ஆக வேண்டும்.” பிக் பிளாக் என்றால் பெரிய உடலும் கூடுதல் கன அளவும் கொண்ட எஞ்சின் வகை, ஸ்மால் பிளாக் அதைவிடச் சின்னது.

ஏர்போட் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். அடி தட்டையான படகு, பின்பக்கம் உயரமான தாங்கியில் எஞ்சின், அதன் பின்னால் ஆள் உயர விசிறி, விசிறியைச் சுற்றிக் கம்பிக் கூண்டு. தண்ணீருக்குள் சுழலும் பாகம் எதுவும் கிடையாது, அதனால் நான்கு விரல் தண்ணீரிலும் போகும், ஈரப் புல்மேலும் போகும். பிரேக் இல்லை, ரிவர்ஸ் இல்லை. மாட்டிக்கொண்டால் விசிறி தள்ளும் காற்றைத்தான் நம்ப வேண்டும். இவருடையது 14 அடி அலுமினியப் படகு. 350 கன அங்குல செவர்லே (சுருக்கமாகச் செவி) ஸ்மால் பிளாக் எஞ்சின், கியர் இல்லாமல் நேரடியாக 72 அங்குல விசிறியைச் சுழற்றுகிறது.

கோடை முழுக்க இரண்டு பேரும் எஞ்சின் தேடி அலைந்தோம். அதில் எனக்குத் தெளிவான ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த எஞ்சின் என்று கேட்பதற்கு முன்னால், எஞ்சினுக்கும் விசிறிக்கும் நடுவே சுற்றைக் குறைக்கும் கியர்பாக்ஸ் வைக்கப் போகிறோமா இல்லையா என்பதை முடிவு செய்ய வேண்டும். அதை விட்டுவிட்டு எஞ்சினை வாங்கினால் பாதிப் பணம் சேற்றில் போகும்.

காரணம் விசிறியின் நுனியில் இருக்கிறது. 72 அங்குல விசிறி ஒருமுறை சுற்றினால் அதன் நுனி கிட்டத்தட்ட 18.85 அடி தூரம் போகிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் நுனியின் வேகம் நொடிக்கு 942 அடி. புளோரிடா வெயிலில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 1,140 அடி. நுனி அந்த வேகத்தை நெருங்க நெருங்க, எஞ்சின் கொடுக்கும் சக்தி தள்ளுவதற்குப் பதிலாகச் சத்தமாகப் போய்விடும். ஆகவே நேரடி இணைப்பில் எந்த எஞ்சினாக இருந்தாலும் 3,000 சுற்றுப் பக்கத்தில் நின்றாக வேண்டும். விளம்பரத்தில் போட்டிருக்கும் குதிரைத்திறனோ அதைவிட உயர்ந்த சுற்றில் அளந்தது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பவுண்டு-அடியில் உள்ள டார்க்கை, அதாவது சுழற்றும் விசையை, நிமிடச் சுற்றால் பெருக்கி 5,252ஆல் வகுத்தால் குதிரைத்திறன் வரும். செவர்லேயின் இசட்இசட்502 எஞ்சினுக்கு 5,200 சுற்றில் 502 குதிரைத்திறன். அதே எஞ்சின் 3,000 சுற்றில் 500 பவுண்டு-அடி கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், விசிறிக்குப் போவது 285 குதிரைத்திறன்தான். 502க்குக் காசு கொடுத்துவிட்டு 285ஐ ஓட்டுகிறோம்.

இது ஏட்டுக் கணக்கு இல்லை. எங்கள் கால்வாயில் ஒருவர் இதையே செய்துவிட்டு வருத்தப்பட்டார். ஒரு கடையில் பிக் பிளாக்கை நேரடி இணைப்பில் மாட்டிக் கொடுத்தார்கள், பழைய எடைக்கு அளவெடுத்துச் செய்த படகிலேயே. முதல் நாள் நானும் கூடப் போயிருந்தேன். நின்ற இடத்திலேயே பின்பக்கம் இரண்டு அங்குலம் கூடுதலாக அமிழ்ந்திருந்தது. ஆழத் தண்ணீரில் வேகம் கூடியது உண்மை. ஆனால் காய்ந்த தரையில் பழைய எஞ்சின் ஏறிய மேட்டை இது ஏறவில்லை. கூடிய சக்தியைக் கூடிய எடை தின்றுவிட்டது.

சரி, கியரே வேண்டாம் என்று உறுதியாக இருப்பவருக்கு என்ன வழி? அவருக்கு என் முதல் சிபாரிசு காடிலாக் 500. 1970இல் எல்டொராடோ காரில் வந்த எஞ்சின், 1976 வரை ஓடியது. 8.2 லிட்டர். சிலிண்டர் விட்டமும் பிஸ்டன் ஓட்டமும் கிட்டத்தட்ட ஒன்று, இரண்டுமே 4.3 அங்குலம். பெரிய காரைச் சத்தமில்லாமல் இழுப்பதற்காகச் செய்ததால் இதன் பலம் அடிச்சுற்றில் இருக்கிறது. 1970 மாடலுக்கு 550 பவுண்டு-அடி டார்க், அதுவும் 3,000 சுற்றில். நேரடி விசிறிக்கு வேண்டிய இடமே அதுதான். ஒன்றை மறக்கக் கூடாது, அந்த 550 பழைய முறையில், சைலென்சரும் மற்ற இணைப்புகளும் இல்லாமல் அளந்தது. படகில் அவ்வளவு கிடைக்காது. அப்படிக் குறைத்துப் பார்த்தாலும் 502ஐ நெருங்கி நிற்கும், விலையோ அதன் பக்கத்தில்கூட வராது. எடையும் 600 பவுண்டு அளவில்தான், செவி பிக் பிளாக்கைவிட நன்றாகவே குறைவு.

வாங்கும்போது ஆண்டைப் பார்க்க வேண்டும். 1976 எஞ்சினும் 500தான், ஆனால் கார்பரேட்டர் வைத்த மாடலுக்கு 190 குதிரைத்திறன் என்று கம்பெனியே எழுதியது. புகைக் கட்டுப்பாட்டுக்காக கம்ப்ரெஷனை, அதாவது சிலிண்டருக்குள் கலவையை அழுத்தும் அளவை, குறைத்திருந்தார்கள், அளக்கும் முறையும் மாறியிருந்தது. காடிலாக்கின் பழைய 472 எஞ்சின் அல்லது 1970 மாடலின் ஹெட்டை (சிலிண்டரின் மேல்மூடியை) மாட்டி அந்தக் குறையைச் சரிசெய்பவர்கள் உண்டு. டைமிங் கியரில் நைலான் பல் இருந்தால் யோசிக்காமல் கழற்றி எறிந்துவிட்டு இரும்பில் போட வேண்டும். ஐம்பது வருட நைலான் எந்த நேரமும் உதிரும், உதிர்ந்த தூள் ஆயில் பம்ப் சல்லடையில் போய் அடையும். நடுச் சதுப்பில் அது நடந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. உதிரிபாகம் தெருமுனைக் கடையில் கிடைக்காது, இதற்கென்றே இருக்கும் சில கடைகளில் சொல்லி வைத்து வாங்க வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே என் பக்கத்து வீட்டுக்காரர் காடிலாக்கைத் தள்ளிவிட்டார். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

கியர் வைத்துவிட்டால் ஆட்டமே வேறு. 2.38க்கு 1 என்ற விகிதத்தில் கியர் போட்டால் எஞ்சின் 5,000 சுற்று போகும்போது விசிறி 2,100 சுற்றுதான் போகும். அப்போது 80 அங்குல விசிறியே வைக்கலாம், நுனி வேகம் நொடிக்கு 733 அடிக்கு மேல் போகாது. பெரிய விசிறி மெதுவாகச் சுற்றி நிறையக் காற்றைத் தள்ளும்போது, அதே குதிரைத்திறனுக்குக் கூடுதல் தள்ளுவிசை கிடைக்கும். நின்ற இடத்திலிருந்து படகைக் கிளப்ப வேண்டியது அந்த விசைதான். சத்தமும் குறையும். எஞ்சினின் புகைக்குழாய்க்கு ஒழுங்கான சைலென்சர் வேண்டும் என்று புளோரிடா சட்டமே சொல்கிறது, ஆனால் கரையோர வீட்டுக்காரர்களின் காதைப் பிளப்பதில் பெரும்பங்கு விசிறி நுனிக்குத்தான்.

இங்கே 502 தன் முழு முகத்தைக் காட்டுகிறது. 4,200 சுற்றில் 567 பவுண்டு-அடி, அலுமினிய ஹெட், நான்கு போல்ட் போட்ட மெயின் பேரிங் மூடிகள், ஃபோர்ஜ் செய்த கிராங்க். புதிதாக, பெட்டியில் வருகிறது. செவி பிக் பிளாக் என்பதால் எந்த மெக்கானிக்கும் கை வைப்பார், எந்த ஊரிலும் சாமான் கிடைக்கும். குறை என்று நான் பார்ப்பது பெட்ரோல். கம்ப்ரெஷன் 9.6, கம்பெனி கேட்பது 92 ஆக்டேன். புளோரிடாவில் படகுக்காரர்கள் தேடிப் போடுவது எத்தனால் கலக்காத 90 ஆக்டேன் பெட்ரோல், ஏனென்றால் எத்தனால் ஈரத்தை இழுக்கும், வாரக்கணக்கில் டேங்கில் கிடந்தால் தொல்லை. அந்தத் 90ஐ 502க்குப் போட வேண்டுமானால் இக்னிஷன் டைமிங்கைக் குறைக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கிய சக்தியில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுப்பது மாதிரி.

8.1 லிட்டர் செவி எஞ்சின் அதற்கு நேர் எதிர் குணம். 2001 முதல் செவர்லே, ஜிஎம்சி கனரகப் பிக்கப்புகளில் வந்தது, 496 கன அங்குலம். பிக்கப்பில் 4,200 சுற்றில் 340 குதிரைத்திறன், 3,200 சுற்றில் 455 பவுண்டு-அடி. எண்ணிக்கை சின்னதாகத் தெரியலாம். ஆனால் கம்ப்ரெஷன் 9.1தான், சாதாரண பெட்ரோலே போதும். எரிபொருள் இன்ஜெக்ஷன் உண்டு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இக்னிஷன் காயில். காலையில் சாவியைத் திருப்பினால் கிளம்பும், கார்பரேட்டரோடு மல்லுக்கட்ட வேண்டாம். காயலான் கடையில் விபத்தில் நொறுங்கிய பிக்கப்பிலிருந்து, கம்ப்யூட்டரும் வயரிங்கும் சேர்த்தே வாங்கலாம். தனியாக வாங்கப் போனால் அந்த வயரிங்தான் கையைக் கடிக்கும். இதே எஞ்சினை மெர்க்ரூஸர் என்ற படகு எஞ்சின் கம்பெனி 425 குதிரைத்திறன் வரை கொண்டுபோனது, ஆகவே பிற்பாடு கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) மாற்றிச் சக்தி கூட்ட இடம் இருக்கிறது.

இதன் பலவீனம், பழைய பிக் பிளாக்கின் ஹெட்டும், காற்றை உள்ளே விடும் இன்டேக்கும் இதில் உட்காராது. ஃபயரிங் ஆர்டர்கூட, அதாவது சிலிண்டர்கள் பற்றும் வரிசைகூட, வேறு. செவியின் பழைய பிக் பிளாக்கான 454க்குச் சேர்த்து வைத்த சாமான் வீட்டில் இருந்தால் அது உதவாது. எடையும் ஏறக்குறைய 700 பவுண்டு. அப்புறம் 502க்குச் சொன்ன கியர் விகிதத்தை இதற்கு வைக்கக் கூடாது. 8.1 தன் சக்தியை 4,200லேயே காட்டி முடித்துவிடும், அதனால் இதற்குப் பொருத்தம் 2.09 பக்கம். 2.38ஐ மாட்டினால் விசிறி 1,760 சுற்றிலேயே நின்றுவிடும்.

454 பற்றி அதிகம் சொல்ல இல்லை. கையில் ஏற்கெனவே நல்ல நிலையில் ஒன்று இருந்தால் கியர் போட்டு ஓட்டலாம், புதிதாகத் தேடிப் போக வேண்டாம். செவியின் 572 எஞ்சின் 620 குதிரைத்திறன் கொடுக்கும். இருபது பேரை ஏற்றிச் சுற்றுலா போகும் படகுக்கு அது சரி, 14 அடிப் படகுக்கு வேண்டாம். விமான எஞ்சின்களில் லைகாமிங் 540 இன்றும் மதிப்போடு ஓடுகிறது. காற்றால் குளிர்வது, ரேடியேட்டரே வேண்டாம், 2,700 சுற்றில் 260 குதிரைத்திறன், பிறந்ததே நேரடி விசிறிக்காக. சாமான் விலையும் விமானத்துக்கு உரிய விலை.

பிக் பிளாக் வரிசையிலேயே சேராத ஒன்றையும் இங்கே நிறுத்தியாக வேண்டும், இல்லாவிட்டால் இந்த ஒப்பீடு நேர்மையாக இருக்காது. செவர்லேயின் எல்எஸ்3. 376 கன அங்குலம், 430 குதிரைத்திறன். பிளாக்கும் ஹெட்டும் அலுமினியம், 8.1ஐவிட 250 பவுண்டுக்கு மேல் எடை குறைவு. 5,700 சுற்றில் ஓட்டி 2.68 கியர் போட்டால் விசிறி 2,127 சுற்று, நாம் கேட்ட இடத்திலேயே வந்து நிற்கிறது. காய்ந்த தரையில் ஏறுவதுதான் குறிக்கோள் என்றால், பின்பக்கம் குறையும் ஒவ்வொரு பவுண்டும் கூடிய சக்திக்குச் சமம். பணம் தடையில்லாத யாராவது என்னைக் கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன், பிக் பிளாக்கைக் காட்ட மாட்டேன். பக்கத்து வீட்டுக்காரரிடமும் இதையே சொன்னேன். புது எல்எஸ்3, கம்ப்யூட்டர், வயரிங் மூன்றையும் கூட்டிப் பார்த்தார், பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

கடைசியில் 8.1தான் வந்திருக்கிறது. அவருடைய 350 இப்போது 2,900 சுற்றில் விசிறிக்குக் கொடுப்பது என் கணக்கில் 200 குதிரைத்திறனுக்கும் கீழே. 8.1 அதை 340 ஆக்கும், அதையும் பெரிய, மெதுவான விசிறி வழியாகக் கொடுக்கும். கூடும் எடை கிட்டத்தட்ட 125 பவுண்டு, கியர்பாக்ஸ் தனி. அதை ஈடுகட்ட டேங்கை முன்னிருக்கைக்கு அடியில் நகர்த்துகிறோம், எஞ்சின் தாங்கியையும் ஆறு அங்குலம் முன்னே கொண்டுவருகிறோம்.

நாங்கள் கவனிக்காமல் விட்டது கூண்டு. பழைய கூண்டின் உள்ளளவு 76 அங்குலம். 80 அங்குல விசிறி அதற்குள் போகாது. விசிறி பெரிதானதால் நடுத்தண்டை உயர்த்த வேண்டியிருக்கிறது, அதை உயர்த்தினால் தள்ளும் இடமும் உயர்ந்து படகின் மூக்கைத் தண்ணீருக்குள் அழுத்தும். ஆகவே விசிறியை 78 அங்குலத்தில் நிறுத்திக்கொண்டோம், புதுக் கூண்டு பற்றவைப்பு நடக்கிறது. தண்ணீர் இன்னும் நிறைய இருக்கிறது. அது இறங்கத் தொடங்கும் முன் வேலை முடிந்துவிட்டால், அடுத்த ஏப்ரலில் அதே நான்கு பேர், அதே ஐஸ் பெட்டி, அதே மேடு என்று பேசி வைத்திருக்கிறோம்.