18 லட்சம் கியாட் போச்சு: பிக்கப்புக்குப் பட்டை ஏற்றப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

வண்டியின் பின்பாரத்தைத் தாங்குகிற ஸ்பிரிங் பட்டை உடைந்து என் வீட்டு வாசலில் கிடக்கிறது. பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது. 18 லட்சம் கியாட். இந்த உளுந்து சீசனில் டீசல் போக, கூலி போக நான் சேர்த்து வைத்திருந்தது அவ்வளவும் அதுதான். பர்மாவில் பெகுவிலும் ரங்கூனிலும் பிக்கப் வைத்துச் சாமான் ஏற்றிப் பிழைக்கிற நம் ஆட்கள் இதைப் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். கடைப் பெயரைப் போடவில்லை. வாரம் மூன்று தடவை அந்த வழியாகத்தான் நான் போய் வர வேண்டும்.

என் வண்டி பழைய ஹைலக்ஸ். ஜப்பானில் ஓடிவிட்டு இங்கே வந்தது. பின்கதவில் அது தாங்குகிற பாரம் ஜப்பான் எழுத்தில் இன்னும் அழியாமல் இருக்கிறது, 1000 கிலோ என்று. 30 பர்மிய வீசை மூட்டை ஒன்று 49 கிலோ வரும், ஆக 20 மூட்டையோடு சரி. ஆனால் மாசி, பங்குனியில் 20 மூட்டையோடு ரங்கூன் பயின்னவுன் சந்தைக்குப் போய் வந்தால் கையில் ஒன்றும் நிற்காது. எல்லாரையும் போல நானும் 24, 25 ஏற்றுவேன். ஏற்றினால் பின்பக்கம் உட்கார்ந்துவிடும். முன் சக்கரத்தில் கனம் குறைந்து ஸ்டியரிங் பஞ்சு மாதிரி ஆகிவிடும். ராத்திரியில் லைட் வெளிச்சம் ரோட்டில் விழாமல் எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கும். பயந்து பயந்துதான் ஓட்டினேன். மேலே மூட்டையில் மச்சான் உட்கார்ந்து வருவான், அந்தப் பயம் வேறு. பின்பக்கத்தைச் சரியாகப் பலப்படுத்திவிட்டால் நிம்மதியாக ஓட்டலாம் என்றுதான் இந்த வேலையில் இறங்கினேன். பேராசையில் இல்லை.

போனில் சாமான் விற்கிற ஒரு பக்கத்தில் அந்தப் பட்டறையின் படத்தைப் பார்த்தேன். பழைய பட்டைக் கட்டையும் புதுக் கட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “ஜப்பான் பட்டை, இரண்டு வருஷ கேரண்டி” என்று பர்மிய எழுத்தில் போட்டிருந்தார்கள். நேரில் போனேன். பிசகு அங்கேதான் ஆரம்பம்.

கடைக்காரர் தமிழர். வாசலில் முருகன் படம், அதற்கு அன்று காலை போட்ட பூ. நான் பர்மிய மொழியில் பேச்சை ஆரம்பிக்க, அவர் சிரித்துக்கொண்டே, “தமிழ்லயே பேசுங்க தம்பி, எந்த ஊரு?” என்றார். ஊரைச் சொன்னேன். உடனே எங்கள் பெரியப்பா பெயரைச் சொல்லி, “அவர் வண்டிக்கு நான்தான் வேலை பார்த்தேன்” என்றார். அந்த இடத்தில் நான் விழுந்தேன். பெரியப்பாவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பிறகு கேட்டபோது, “அப்படி ஒருத்தரை எனக்குத் தெரியவே தெரியாதே” என்றார். எங்கள் ஊரில் மளிகைக் கடை வைத்திருந்தவர் பெரியப்பா, அந்தப் பெயர் யாருக்குத்தான் தெரியாது?

டீ வரவழைத்தார். வண்டியின் அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். “எத்தனை மூட்டை ஏத்துவீங்க?” என்றார். “25 போதும் அண்ணே, பிரேக் நல்லா பிடிக்கணும், அதுதான் முக்கியம்” என்றேன். இதை இந்த வார்த்தைகளில்தான் சொன்னேன், சாமி மேல் சத்தியம். “40 போட்டாலும் அசையாது, நான் பாத்துக்கறேன்” என்றார். 10 லட்சம் முன்பணம், வேலை முடிந்ததும் 8 லட்சம். ரசீது கேட்க வாய் வரவில்லை. பர்மியர்கள் ஆனாடே என்பார்களே, முகத்துக்கு நேரே ஒன்றைக் கேட்கக் கூசுகிற அந்தக் குணம் எனக்கும் வந்துவிட்டது. கடைசியில் ஒரு துண்டுக் காகிதத்தில் “ஸ்பிரிங் வேலை, 18 லட்சம்” என்று எழுதிக் கொடுத்தார். கடை முத்திரை இல்லை, கையெழுத்தும் இல்லை.

வண்டி வந்தபோது பின்பக்கம் நன்றாகத் தூக்கி நின்றது. பட்டையெல்லாம் கறுப்புப் பெயிண்டில் பளபளவென்று இருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். இன்னும் இரண்டு பேரிடம் அந்தக் கடையைச் சொல்லிவிட்டேன். இன்று அவர்கள் முகத்தில் விழிக்க வெட்கமாக இருக்கிறது.

மூன்றாவது லோடில் முடிந்தது. 25 மூட்டை. ரங்கூன் ரோட்டில் லேகு ஊரைத் தாண்டி ஒரு பஸ் சட்டென்று ஓரம் கட்டியது. பிரேக்கை மிதித்தேன். முன்பக்கம் குனிகிறது, பின் சக்கரம் பிடிக்கவே இல்லை. பஸ்ஸுக்கு ஒரு முழ தூரத்தில் நின்றது. நிற்கும்போதே அடியில் டமார் என்று ஒரு சத்தம். இடது பக்க மெயின் பட்டை நடுவில் முறிந்து, ஆக்சில் பின்னால் நகர்ந்து, டயர் பாடியில் உரசிப் புகை வருகிறது. மேலே இருந்த மச்சான் கீழே விழுந்தான். முழங்கைச் சிராய்ப்போடு போனது அவன் அம்மா கும்பிட்ட புண்ணியம். பின்னால் லாரி வந்திருந்தால்? நான்கு நாளாக எனக்கு ராத்திரித் தூக்கம் இல்லை.

அப்புறம் அந்த அண்ணன் பேச்சைக் கேளுங்கள். முதல் போனில் “கெய்ச்ச மஷிபூ தம்பி, ஒண்ணும் இல்ல, கொண்டாங்க பாப்போம்” என்றார். ஆக்சில் நகர்ந்த வண்டியை எப்படிக் கொண்டுபோவது? இரண்டாவது போனில் குரலே மாறிவிட்டது. “ஓவர்லோடு போட்டா கேரண்டி கிடையாது.” 40 மூட்டை அசையாது என்ற அதே வாய்! மூன்றாவது போனைப் பையன் எடுத்து, முதலாளி மாண்டலே போயிருக்கிறார் என்றான். நேரில் போனேன். முதலாளி இல்லை என்றார்கள், வாசலில் அவருடைய செருப்பு கிடக்கிறது. காத்திருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து உள்ளேயிருந்து ஒரு பெண் வந்து, “திஞ்ஞான் முடியட்டும், அதுக்கப்புறம் பாக்கலாம்னு சொன்னாரு” என்றாள். தண்ணீர்த் திருவிழா முடிந்து பட்டறைகள் திறப்பதற்குள் சீசனே முடிந்துவிடும், அது அவருக்கும் தெரியும். அந்தப் பக்கத்தில் கீழே எழுதினேன். பத்து நிமிஷத்தில் அழித்துவிட்டு என்னையும் பிளாக் பண்ணிவிட்டார்கள். 18 லட்சம் வாங்கியபோது இருந்த தம்பி பாசம் எங்கே போனது?

வண்டியை இழுத்துப்போய் ஊரில் லாரி வேலை பார்க்கிற வயசான ஒரு பர்மிய சயாவிடம், அதாவது மேஸ்திரியிடம் விட்டேன். அவர் பெயிண்டைச் சுரண்டினார். புதுசு என்று சொன்ன பட்டை எதுவும் புதுசு இல்லை. வேறு ஏதோ லாரியின் பட்டையை வெட்டி, கேஸ் அடித்துச் சூடாக்கி வளைத்து ஏற்றியிருக்கிறார்கள். ஸ்பிரிங் இரும்பு பதம் போட்டு வருவது. சூடாக்கி அப்படியே ஆறவிட்டால் தொய்ந்துபோகும், தண்ணீரில் நனைத்தால் கண்ணாடி மாதிரி முறியும். முறிந்த இடத்தைக் காட்டினார். பாதி பளபளவென்று வெள்ளை, பாதி துரு ஏறிக் கறுப்பு. கறுத்த பாதி, எனக்கு விற்பதற்கு முன்பே இருந்த விரிசல். கேடு தெரிந்தேதான் பெயிண்ட் அடித்து மூடியிருக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது.

பட்டையை ஆக்சிலோடு பிடித்துக் கட்டுகிற யூ போல்ட் நான்கும் பழசு. ஒரு தடவை இறுக்கி இழுபட்ட போல்ட் மறுபடி பிடி நிற்காது. அது தளர்ந்தால் நடு போல்ட் ஓட்டை இருக்கிற இடத்தில்தான் பட்டை முறியும், என் பட்டையும் அங்கேதான் முறிந்தது. பட்டைகளின் கனமும் ஒன்றுக்கொன்று வேறு. கனம் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகுமாம். மெல்லிய பட்டைகள் சும்மா கிடக்க, தடித்த ஒன்றே முழுப் பாரத்தையும் வாங்கியிருக்கிறது.

பிரேக் விஷயம்தான் என்னை உலுக்கிவிட்டது. என் வண்டியில் பின் ஆக்சிலிலிருந்து ஒரு கம்பி சேஸியில் இருக்கிற வால்வுக்குப் போகிறது. பாரம் ஏறிப் பின்பக்கம் தாழ்ந்தால் அந்த வால்வு பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் விடும், காலி வண்டியில் குறைத்துவிடும். பட்டை ஏற்றிப் பின்பக்கத்தைத் தூக்கினால், பாரம் இருந்தும் வண்டி காலி என்று அது நினைத்துக்கொள்ளும். கம்பியை அந்த உயரத்துக்குச் சரிபண்ண வேண்டும். இவர்கள் கையே வைக்கவில்லை. 1200 கிலோவுக்கு மேலே ஏற்றிக்கொண்டு பாதி பிரேக்கில் நான் மூன்று லோடு ஓட்டியிருக்கிறேன்.

எதைச் செய்ய வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், கோபத்தில் இப்போது வருவது இவ்வளவுதான். பெயிண்ட் அடித்த பட்டை என்றால் முதலில் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். யூ போல்ட் புதுசாக, உங்கள் கண் முன்னால் போடட்டும், 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். பிரேக் வால்வுக் கம்பியை என்ன செய்தாய் என்று கேளுங்கள், முழிக்கிறவனிடம் வண்டியை விடாதீர்கள். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், பட்டை கூட்டினால் வண்டி உட்காராது, அவ்வளவுதான். ஆக்சில், பேரிங், டயர், பிரேக், சேஸி எல்லாம் அந்தப் பழைய 1000 கிலோவுக்குச் செய்ததுதான். இதை எனக்கு முதலிலேயே யாரும் சொல்லவில்லை. முழுப் பணத்தையும் வேலை பார்க்காமல் கொடுக்காதீர்கள். முத்திரை போட்ட ரசீது வாங்குங்கள். தமிழ் பேசினார், முருகன் படம் வைத்திருந்தார் என்று என்னை மாதிரி விட்டுவிடாதீர்கள்.

சயா ஜப்பானிலிருந்து வந்த இன்னொரு ஹைலக்ஸின் பட்டைக் கட்டைத் தேடிக்கொண்டிருக்கிறார். அதற்கும் காசு வேண்டும். திருவிழா முடிந்து கடை திறக்கிற அன்று காலையில் உடைந்த பட்டையோடும் அந்தத் துண்டுக் காகிதத்தோடும் நான் அந்த வாசலில் நிற்பேன். அந்த ஆளிடம் ஏமாந்தவர் வேறு யாராவது இருந்தால் எழுதுங்கள், சேர்ந்து போவோம். என் 18 லட்சம் எனக்கு வேண்டும்.