மார்கழி பஜனையா, கேரல் ரவுண்ட்ஸா?

டிசம்பர் பாதி தாண்டினால் நெல்லைப் பக்கத்துச் சின்ன ஊர்களில் தூக்கத்துக்கு இரண்டு முனையிலும் வெட்டு. விடியுமுன் மார்கழி பஜனை, நடுராத்திரி வீடு வீடாகப் பாடி வரும் கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸ். ஒன்றுக்குத்தான் போக முடியும் என்றால் எதற்கு?

பஜனைக்கு நாம்தான் எழுந்து போக வேண்டும். திருப்பாவை முப்பது பாட்டு, நாளுக்கு ஒன்று. ராகம் தப்பினாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஜால்ரா சத்தம் எல்லாவற்றையும் மூடிவிடும். வழியெல்லாம் கோலம், நடுவே சாணி உருண்டையில் செருகிய பூசணிப்பூ. கடைசியில் தொன்னையில் வெண்பொங்கல். நெய் இறங்கி, தொன்னையின் அடி சுடும். கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டே, முழு மிளகு பல்லில் கடிபடச் சாப்பிட வேண்டும். சின்னப் பிள்ளைகள் வருவதே அதற்குத்தான், நானும் அப்படித்தான் போனேன்.

கேரல் நேர்மாறு. நாம் படுத்திருக்க, பாட்டு வாசலுக்கே வரும். வேனில் நட்சத்திர விளக்கு, கிட்டார், டிரம், முகமூடி போட்ட கிறிஸ்துமஸ் தாத்தா. அவரைப் பார்த்து அலறாத குழந்தை குறைவு. வீட்டுக்கு இரண்டு பாட்டு, ஒரு ஜெபம், கேக், காணிக்கைக் கவர், அப்புறம் அடுத்த தெரு. பல நாள் பிராக்டிஸ் செய்து வருவதால் பாட்டு சுத்தம்.

பாட்டுக்கென்றால் கேரல். ஆனால் என் ஓட்டு பொங்கலுக்கு. கேரல் எப்படியும் ஜன்னல் வழியாகக் கேட்டுவிடுகிறது, பொங்கல் அப்படி வராதே!