ஹெட்செட் இரைச்சல்: ஃபில்டரா, எர்த் இணைப்பா?

சிறிய விமானத்தின் ஹெட்செட்டில் எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் கீச்சொலி கேட்டால், பலரும் முதலில் நாடுவது ஆல்டர்னேட்டர் (எஞ்சின் சுழற்றும் மின்னாக்கி) கம்பியில் இரைச்சலை வடிகட்டும் ஃபில்டர் பொருத்துவதைத்தான். மற்றொரு வழி, ஆடியோ எர்த் (ஒலிச் சுற்றின் மின்னோட்டம் திரும்பும் கம்பி) இணைப்புகளைச் சோதித்துச் சரிசெய்வது.

ஃபில்டர் வேலை விரைவில் முடியும். ஆனால் அது மின்சப்ளை வழியாக வரும் இரைச்சலை மட்டுமே தடுக்கும். எனவே வாங்குவதற்கு முன், தரையில் நிறுத்தி, எர்த்தை அப்படியே விட்டு, இன்டர்காமுக்கு (ஹெட்செட்டுகளை இணைக்கும் பேச்சுக் கருவி) தனி பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்துப் பார்க்கலாம்: ஒலி நின்றால் ஃபில்டர் உதவக்கூடும், தொடர்ந்தால் எர்த்தையோ கம்பிகள் செல்லும் பாதையையோ சந்தேகிக்க வேண்டும்.

எர்த் வேலை பொறுமையைச் சோதிக்கும். ஹெட்செட் ஜாக் உலோகப் பேனலைத் தொடாதிருக்க வைக்கும் இன்சுலேட்டிங் வாஷர் விரிசல் விட்டிருந்தால், ஆடியோ எர்த் விமானத்தின் உடலோடு இரண்டாவது இடத்தில் சேர்ந்துவிடும். அவ்விரு இடங்களுக்கும் இடையே ஆல்டர்னேட்டர் மின்னோட்டம் உண்டாக்கும் சிறு வோல்டேஜ் வேறுபாடு, கீச்சொலியாகக் காதில் விழும். அந்தச் சிறு வாஷருக்காகப் பேனலையே கழற்ற நேர்வது எரிச்சல்தான். இருந்தாலும் என் தேர்வு எர்த்தே. ஸ்ட்ரோப் விளக்கு ஒவ்வொரு முறை மின்னுவதற்கு முன்பும் உயரும் ஒலியும் பல நேரங்களில் இதே வழியில்தான் நுழைகிறது.