ஷின்-இமாமியாவில் மூன்று ததாமி அறை: பல வருஷமாகத் தங்கிவரும் அனுபவம்

ஜப்பானின் ஒசாகாவில் அறை தேடுகிறவர்கள் பெரும்பாலும் நகர மையப் பகுதிகளான நம்பாவையும் உமேதாவையும்தான் பார்க்கிறார்கள். நான் வருஷக்கணக்காகத் தங்குவது நம்பாவுக்குத் தெற்கே, ஷின்-இமாமியா ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் உள்ள ஒரு பழைய விடுதியில். கோயம்புத்தூரில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பழைய ஜப்பான் மெஷின்களை நேரில் பார்த்து வாங்க, ஒசாகாவை ஒட்டிய ஹிகாஷி-ஒசாகா நகரத்துப் பக்கம் போக வேண்டியிருக்கும். போனால் ஒரு வாரம், பத்து நாள் ஆகிவிடும். செலவு முழுக்க என் கைக்காசு. எனவே இரவு வாடகை எனக்குப் பெரிய விஷயம்.

முதலில் இடத்தின் வசதி. கன்சாய் விமான நிலையத்திலிருந்து நான்காய் ரயிலும் ஜே.ஆர். ரயிலும் நேராக ஷின்-இமாமியாவில் நிற்கின்றன. நான்காயில் முக்கால் மணி நேரம், ஆயிரம் யென்னுக்குள் டிக்கெட். வழியில் மாற வேண்டியதில்லை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி ஏறி இறங்க வேண்டியதில்லை. பக்கத்திலேயே தோபுட்சுவென்-மாயே சுரங்க ரயில் நிலையம். அங்கே மிதோசுஜி வண்டி ஏறினால் புல்லட் ரயில் புறப்படும் ஷின்-ஒசாகாவுக்கே போய்விடலாம். எனக்கு வேண்டிய ஹிகாஷி-ஒசாகாவுக்கு நகரைச் சுற்றி ஓடும் லூப் லைனில் நாலு ஸ்டேஷன் தள்ளி ட்சுருஹாஷியில் இறங்கி, கின்டெட்சு ரயிலுக்கு மாறினால் போதும். இவ்வளவு வசதியான இடத்தில் அறை ஏன் மலிவு என்ற கேள்வி யாருக்கும் வரும்.

அதற்கு அந்தப் பேட்டையின் கதை தெரிய வேண்டும். காமகசாக்கி என்று பழைய பெயர், அரசு வழக்கில் அய்ரின். ஜப்பானிலேயே பெரிய தினக்கூலிச் சந்தை இருந்த இடம். 1970 உலகக் கண்காட்சிக்காக ஒசாகா முழுக்கக் கட்டட வேலை நடந்தபோது நாடெங்கிலுமிருந்து ஆட்கள் இங்கே வந்து குவிந்தார்கள். அவர்கள் படுத்தெழுந்து போகக் கட்டியவைதான் இந்தச் சிறு அறை விடுதிகள். தொண்ணூறுகளில் பொருளாதாரம் சரிந்தது, வேலை குறைந்தது, வந்தவர்கள் இங்கேயே கிழவர்கள் ஆனார்கள். பல விடுதிகள் அரசு உதவித்தொகையில் வாழும் முதியவர்களின் குடியிருப்பாயின. மீதியில் சில, எங்களைப் போன்ற வெளிநாட்டாருக்குக் கதவைத் திறந்தன. காலையில் ஆள் எடுக்கிற தொழிலாளர் நல மையக் கட்டடம் 2019-ல் மூடப்பட்டுவிட்டது. 2022-ல் ரயில் நிலையத்தின் மறுபுறம் ஹோஷினோ நிறுவனத்தின் ஓமோ7 ஹோட்டல் வந்தது. தண்டவாளத்துக்கு ஒரு பக்கம் அந்தப் பளபளப்பு, இன்னொரு பக்கம் எங்கள் தெரு.

எங்கள் அறை மூன்று ததாமி. ஒரு ததாமிப் பாய் ஏறக்குறைய ஆறடிக்கு மூன்றடி. மூன்றும் சேர்ந்தால் ஐம்பத்து நாலு சதுர அடி. உள்ளே சின்ன ஃபிரிட்ஜ், டிவி, ஏசி, துணி மாட்ட ஒரு கம்பி. கட்டில் இல்லை. மூலையில் மடித்து வைத்திருக்கும் ஃபுதோன் மெத்தையை இரவில் நாமே விரித்துக்கொள்ள வேண்டும். தலையணைக்குள் தானிய உமி. புரண்டால் சரசரக்கும், இரண்டு இரவில் பழகிவிடும். பத்து நாள் தங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மெத்தையைக் காலையில் கட்டாயம் மடித்து வையுங்கள். விரித்தபடியே விட்டால் அடியில் ஈரம் தங்கி, ஜூன் மழைக்காலத்தில் பாயும் மெத்தையும் சேர்ந்து பூசணம் பிடித்துவிடும். மடித்து வைத்தால் அந்தச் சின்ன அறையில் உட்கார்ந்து வேலை பார்க்க இடமும் கிடைக்கும். பெரிய பெட்டி இரண்டு கொண்டுவருகிறவருக்கு இந்த அறை சரிப்படாது. ஒரு பெட்டியைத் திறந்து வைத்தாலே பாதி அறை போய்விடும்.

இத்தனை வருஷத்தில் நான் உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்று உண்டு. இந்த மாதிரி விடுதியை அறையைப் பார்த்து எடைபோடக் கூடாது. அறை எங்கேயும் இதே அளவுதான். எல்லோரும் சேர்ந்து பயன்படுத்துகிற இடம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். எங்கள் மாடியில் நடைபாதை ஓரமாக நீளமான ஒரு ஸ்டீல் தொட்டி, அதில் நாலு குழாய். குழாய்க்குப் பக்கத்தில் கொக்கியில் ஒரு துணி தொங்கும். முகம் கழுவுகிறவர் தெறித்த தண்ணீரை அந்தத் துணியால் துடைப்பார், பிழிவார், திரும்பவும் கொக்கியிலேயே மாட்டுவார். தொட்டியின் விளிம்பை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார். யாரும் நின்று கவனிப்பதில்லை, அறிவிப்புப் பலகையும் இல்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு நான் போனாலும் தொட்டி உலர்ந்திருக்கும். கழிப்பறைக்குத் தனிச் செருப்பு. வெளியே வரும்போது அடுத்தவர் நேராகக் காலை நுழைக்கிற மாதிரி திருப்பி வைத்துவிட்டு வருவார்கள். கீழ்த்தளச் சமையலறையின் பொது ஃபிரிட்ஜில் ஒவ்வொரு டப்பாவிலும் அறை எண்ணும் தேதியும் எழுதிய டேப் ஒட்டியிருக்கும். இத்தனை பேர் கைபடுகிற இடத்தில் ஒருவர் மேல் ஒருவர் எரிச்சல்படாமல் இருக்க முடிகிறது என்றால் அதற்கு இவைதான் காரணம். நான் கொடுக்கிற காசு உண்மையில் இதற்குத்தான்.

குளியலைப் பற்றி நம்மவர்கள் அதிகம் கேட்பார்கள். அறைக்குள் குளியலறை கிடையாது. கீழ்த்தளத்தில் பொதுக் குளியல் தொட்டி, மாலையிலிருந்து இரவு வரை. ஆண்களுக்கு ஒரு நேரம், பெண்களுக்கு வேறு நேரம். உடையோடு இறங்க முடியாது. முதலில் தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் குளித்து, நுரை போக அலசிவிட்டு, அதன்பிறகு தொட்டியில் இறங்க வேண்டும். தொட்டி நீர் எல்லோருக்கும் பொது. சோப்பும் துண்டும் அதில் படக்கூடாது. கூச்சப்படுகிறவர்களுக்குக் காசு போட்டுக் குளிக்கும் தனி ஷவர் அறை பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் நாள் முழுக்க இரும்புக்கிடங்குகளில் நின்று மெஷின் பார்த்துவிட்டு வந்து, நாற்பத்தொரு டிகிரி வெந்நீரில் கழுத்தளவு உட்கார்ந்து பாருங்கள். முழங்கால் வலி அப்படியே இறங்கும்.

அந்தத் தொட்டியில்தான் பக்கத்து அறைப் பெரியவர் பழக்கமானார். விடுதியின் ஒரு பகுதியில் மாத வாடகைக்கு இருப்பவர், பழைய கட்டடத் தொழிலாளி. 1970 கண்காட்சிக்குச் சாலை போட்ட கூட்டத்தில் தானும் இருந்ததாகச் சொன்னார். என்னை "இந்தோ நோ நீ-சான்" (இந்தியாக்கார அண்ணா) என்றுதான் கூப்பிடுவார். என் ஜப்பானிய மொழி விலை பேசுகிற அளவுக்குத்தான். ஆனாலும் மெஷின் என்று பேச்சு வந்தால் இருவருக்கும் கைச்சைகையே போதும்.

2018 செப்டம்பர் 4 அன்று ஜெபி புயல் ஒசாகாவைத் தாக்கியபோது நான் அங்கே இருந்தேன். காலையிலேயே ஜே.ஆர். ரயில்களை நிறுத்தும் அறிவிப்பு வந்துவிட்டது. விடுதி நிர்வாகி, அறுபது வயதைத் தாண்டியவர், கண்ணாடி ஜன்னல்களில் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெரியவரும் மாத வாடகைக்காரர்கள் இன்னும் இரண்டு மூன்று பேரும் வாசலில் இருந்த சைக்கிள்களையும் பெயர்ப்பலகையையும் ஒன்றொன்றாக உள்ளே தூக்கி வைத்தார்கள். நானும் சேர்ந்துகொண்டேன். மதியம் காற்று வந்தபோது கட்டடமே முனகியது. எதிர்வீட்டுக் கூரைத் தகடு தெருவில் இழுபட்டுப் போனதை எல்லோரும் மாடிப்படியில் நின்று பார்த்தோம். விமான நிலையத்தில் அன்று நொடிக்கு 58 மீட்டர் வேகத்தில் காற்று. ஒரு டேங்கர் கப்பல் விமான நிலையப் பாலத்தில் மோதியது, ஓடுபாதை கடல்நீரில் மூழ்கியது. என் விமானம் ரத்து. அறைக்கு என்ன செய்வது என்று நான் கேட்பதற்கு முன்பே நிர்வாகி பதிவேட்டைத் திருப்பி, என் பெயருக்கு நேரே தேதியை அடித்து, கிளம்பும் வரை அதே வாடகை என்று எழுதிக் காட்டினார். அந்த வாரம் ஒசாகாவில் அறைக்கு எவ்வளவு தட்டுப்பாடு என்று அங்கே மாட்டியிருந்தவர்களுக்குத் தெரியும். கடைசியில் டோக்கியோ போய் நரிட்டா விமான நிலையத்திலிருந்து ஊர் வந்து சேர்ந்தேன்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். நான் சைவம். ஜப்பானில் காய்கறிச் சாறு என்று நம்பிக் குடிப்பதிலும் பெரும்பாலும் காய்ந்த பொனிட்டோ மீன் சீவல் போட்டுக் காய்ச்சிய தாஷி என்னும் சாறுதான் அடிப்படை. எனவே சமையலறை உள்ள விடுதியைத்தான் சைவர்கள் எடுக்க வேண்டும். எங்கள் விடுதியில் இரண்டு இண்டக்‌ஷன் அடுப்பு, மைக்ரோவேவ், எப்போதும் வெந்நீர். ரசப்பொடி, புளிக்காய்ச்சல், அப்பளம் ஊரிலிருந்து போகும். பச்சைக் கறிவேப்பிலை போகாது, தாவரத் தடுப்புக்காப்புச் சான்று கேட்பார்கள். பருப்பு, மசாலா எல்லாம் க்யோமு சூப்பர் கடையில் கிடைக்கிறது. உறைந்த பரோட்டாகூட அங்கே உண்டு. அவர்கள் அரிசி குழைந்து ஒட்டும். ரசத்துக்கு ஓரளவு ஒத்துப்போகும், புளியோதரைக்கு ஆகாது. நம் ஊர் மின்கெட்டிலைக் கொண்டுபோகாதீர்கள். அங்கே 100 வோல்ட். 230 வோல்ட்டுக்கான கம்பிச்சுருள் அதில் ஐந்தில் ஒரு பங்கு சூடுதான் தரும். போன் சார்ஜர் பிரச்சினை இல்லை, தட்டையான இரண்டு முள் பிளக் மட்டும் வேண்டும்.

குறைகளும் உண்டு, மறைக்க விரும்பவில்லை. சுவர் மெல்லியது. பக்கத்து அறையில் இருமினால் நம் அறையில் கேட்கும். தெருப்பக்கம் கரோக்கே பார்கள் இருப்பதால் இரவு பத்து, பதினொன்று வரை பாட்டு வரும். ஜனவரியில் ஒற்றைக் கண்ணாடி ஜன்னல் வழியாகக் குளிர் இறங்கும். ஏசியின் சூடு மேலேயே நின்றுவிடும், தரையில் படுத்திருக்கிற நமக்கு எட்டாது. கூடுதல் போர்வை கேட்டால் தருவார்கள், தயங்காமல் கேளுங்கள். ஒரு தடவை இங்கே இடமில்லாமல் வேறொரு விடுதியில் தங்கியபோது மூட்டைப்பூச்சி கடித்துக் கை முழுக்கத் தடித்துவிட்டது. சொன்னபோது அங்கிருந்தவர்கள் கொசு என்று தட்டிக்கழித்தார்கள். அதிலிருந்து எந்த விடுதியானாலும் பெட்டியைத் தரையில் வைக்கும் முன் மெத்தைத் தையலிலும் பாயின் ஓரத் துணியிலும் போன் வெளிச்சம் அடித்துப் பார்க்கிறேன். மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளி தெரிந்தால் உடனே வேறு அறை கேட்க வேண்டும்.

பயமில்லையா என்று ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள். காலையிலேயே குடித்துவிட்டு நடைபாதையில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கலாம். அவர்களால் எனக்கு ஒரு தொந்தரவும் வந்ததில்லை. அவர்களை போட்டோ எடுக்காதீர்கள், அது அவர்களுடைய வீட்டு வாசல். பத்து நிமிஷ நடையில் தோபிதா என்னும் சிவப்பு விளக்குப் பகுதி இருக்கிறது. அங்கே கேமராவையே வெளியே எடுக்கக் கூடாது. என் மனைவியுடன் ஒருமுறை இங்கேயே தங்கினேன். அவளுக்கு ஊர் பிடித்தது, குளியல் நேரக் கணக்கு பிடிக்கவில்லை. சின்னக் குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு நானே வேண்டாம் என்பேன். அவர்கள் பக்கத்து தென்னோஜியில் தனிக் குளியலறை உள்ள அறையாகப் பார்க்கலாம்.

வாடகை முன்போல் இல்லை. கொரோனாவுக்கு முன் இரவுக்கு 1,800 யென் கொடுத்த அறை இப்போது 3,000 யென்னைத் தாண்டிவிட்டது. 2025 உலகக் கண்காட்சி நடந்த ஏப்ரல் முதல் அக்டோபர் வரை இன்னும் ஏறியது. செர்ரி மலரும் வாரங்களிலும் ஏறும். அப்படியும், யென்னுக்கு அறுபது பைசா என்று வைத்தால் இரண்டாயிரம் ரூபாய்க்குள்தான் வருகிறது. ஒசாகா தங்கும் வரி 5,000 யென்னிலிருந்துதான் தொடங்குவதால் இதில் சேராது. முன்பதிவு செய்யும்போது உள்பக்க அறையாக, குழாய்த் தொட்டியிலிருந்து தள்ளி, லிஃப்ட் இல்லாவிட்டால் இரண்டாம் மாடிக்கு மேல் போகாமல் கேளுங்கள். வரவேற்பு மேஜையை எத்தனை மணிக்கு மூடுகிறார்கள் என்பதை முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுங்கள். சென்னையிலிருந்து மாறி வரும் விமானங்கள் சில இரவில் தாமதமாகத்தான் இறங்கும், சிறிய விடுதிகளில் பத்து மணிக்குமேல் ஆள் இருக்கமாட்டார்கள். பாஸ்போர்ட்டை நகல் எடுத்துக்கொள்வார்கள், ஜப்பானில் முகவரி இல்லாத வெளிநாட்டவருக்கு அது சட்டப்படி உள்ள நடைமுறை. பணம் ரொக்கமாக வைத்திருங்கள். எங்கள் விடுதியில் இன்றைக்கும் கார்டு வாங்குவதில்லை.