ஜோடி மானிட்டர் வாங்கப் போகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள்

டிசைன் வேலைக்கென்று குறைந்த விலையில் இரண்டு மானிட்டர் சேர்த்து வாங்கிப் போட்டுவிடலாம் என்று யாராவது யோசித்துக்கொண்டிருந்தால், கடைக்குக் கிளம்பும் முன் இதை வாசித்துவிட்டுப் போங்கள். நான் கொடுத்தது 14,400 ரூபாய். அதற்கு மேல் போனது தனிக்கணக்கு.

சிவகாசியில் வீட்டில் இருந்தபடியே காலண்டர், கல்யாணப் பத்திரிகை, நோட்டு அட்டை என்று டிசைன் செய்து பிழைக்கிறேன். எங்கள் ஊரில் ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பம் வெளியிடுவார்கள், அதனால் ஆனி மாதத்தில் டிசைனர் எவனுக்கும் தூக்கம் கிடையாது. அதுவரை ஒரே ஒரு 19 இஞ்ச் மானிட்டரில்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். மாதக் காலண்டர் பன்னிரண்டு தாளிலும் அமாவாசை, கார்த்திகை, பிரதோஷம், முகூர்த்த நாள் எல்லாம் பஞ்சாங்க மேட்டரோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், ஒரு முகூர்த்த நாள் தள்ளிப்போனால் ஆர்டர் கொடுத்த பார்ட்டி வீட்டுக்கே வந்துவிடுவார். ஒற்றைத் திரையில் கோரலைத் (டிசைன் போடுகிற மென்பொருள்) திறந்து, மூடி, பஞ்சாங்க மேட்டர் இருக்கிற பிடிஎஃபைத் திறந்து, தேதியை மனதில் வைத்துக்கொண்டு மறுபடி கோரலுக்கு வருவதற்குள் எந்தக் கட்டம் என்பது மறந்துபோகும். இரண்டு திரை இருந்தால் ஒன்றில் தாள், பக்கத்தில் மேட்டர், வேலை பாதி நேரத்தில் முடியும். இது உண்மைதான், இன்றைக்கும் அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நான் ஏமாந்தது வேறு இடத்தில்.

மதுரையில் ஒரு கடை. பெயர் போடவில்லை, போட்டால் அதற்கும் ஒரு வம்பு வரும். 24 இஞ்ச், ஐபிஎஸ் பேனல் (எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் கலர் அதிகம் மாறாத திரை வகை), நூறு சதவீதம் எஸ்ஆர்ஜிபி (திரை காட்ட வேண்டிய நிறங்களுக்கான பொது அளவுகோல்), ஒன்று 7,200 ரூபாய் என்றார்கள். கேள்விப்படாத பிராண்டு. மேசையில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, பஞ்சவர்ணக் கிளியும் கடலுக்கடியில் மீனும் வருகிற டெமோ வீடியோ. கலர் அள்ளியது. அந்த வீடியோவை எந்த டப்பாத் திரையில் ஓட்டினாலும் அள்ளத்தான் செய்யும் என்பது அப்போது தோன்றவில்லை. சாய்ந்து பார்த்தேன், பக்கவாட்டில் பார்த்தேன், கலர் மாறவில்லை. “ரெண்டும் ஒரே மாடல், ஒரே லாட்டு சார்” என்று சொல்லி, ஓடிக்கொண்டிருந்ததைப் பெட்டியில் வைத்து, உள்ளேயிருந்து இன்னொரு பெட்டியையும் எடுத்துக் கொடுத்தார். அந்த இரண்டாவது பெட்டியை நான் திறக்கச் சொல்லவில்லை. இந்தப் பதிவு முழுக்க அந்த ஒரு சோம்பேறித்தனத்தின் கதை.

பில் கேட்டேன். ஜிஎஸ்டி போட்டால் 18 சதவீதம் கூடும், எஸ்டிமேட் (வரி போடாத விலைச்சீட்டு) தருகிறேன், வாரண்டிக்கு அதுவே போதும் என்றார். காசு மிச்சம் என்று நானும் தலையாட்டினேன்.

வீட்டில் வந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இடது பக்கத்துத் திரையின் வெள்ளை லேசாக மஞ்சள், வலது பக்கம் நீலம் அடிக்கிறது. கடைக்குப் போன் போட்டேன். “புது பீஸ் சார், ஒரு வாரம் ஓடினா செட் ஆயிடும்.” ஒரு வாரம் ஓடியது. செட் ஆகவில்லை. “கேபிளை மாத்திப் பாருங்க.” இரண்டு எச்டிஎம்ஐ கேபிளையும் இடம் மாற்றிப் போட்டேன், நீலம் அந்த மானிட்டரை விட்டு நகரவே இல்லை. “அப்ப உங்க கிராபிக்ஸ் கார்டுதான் சார்.” கார்டில் கோளாறு என்றால் கேபிளை மாற்றியபோது நீலம் அடுத்த திரைக்குப் போயிருக்க வேண்டாமா என்று கேட்டேன், லைன் கட்டாகிவிட்டது.

சரி, வேலை தலைக்கு மேல் இருக்கிறது, நீலத் திரையில் மேட்டரை மட்டும் வைத்துக்கொள்வோம் என்று விட்டுவிட்டேன். அங்கேதான் வினை. ஒருநாள் ராத்திரி காலண்டர் கம்பெனி அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார், அம்மன் படம் போட்ட தாளைப் பார்க்க. இடது திரையில் நான் வேறு தாளைத் திருத்திக்கொண்டிருந்ததால் அவருடையதை வலது திரைக்கு இழுத்துப் போட்டேன். நான் நாற்காலியில், அவர் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு. “தம்பி, சேலை ரொம்ப வெளுத்திருக்கு, இன்னும் கொஞ்சம் கருஞ்சிவப்பாக் கொண்டு வா” என்றார். எனக்கு அப்படித் தெரியவில்லை, ஆனாலும் அவர் சொன்னபடி கருப்பைக் கூட்டினேன். இன்னும் என்றார், இன்னும் கூட்டினேன். “ஆங், இப்ப சரி” என்று சொல்லிவிட்டுப் போனார். அச்சாகி வந்த தாளில் சேலை குங்குமமும் இல்லை, அரக்கும் இல்லை, காய்ந்த ரத்தம் மாதிரி, மடிப்பு எதுவும் தெரியாமல் ஒரே கருப்பு.

பிரஸ்ஸில் நாற்பது வருஷமாக மெஷின் பார்க்கிற பெரியவர் ஒருவர் தாளைப் பார்த்ததும் என்னைத்தான் திட்டினார். மெஜந்தா நூறு, மஞ்சள் நூறு வைத்தால் என்ன சிவப்பு வரும் என்று கலர் சார்ட்டில் இருக்கிறதே, அதைப் பார்க்காமல் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துக் கருப்பை ஏற்றுவாயா என்றார். நியாயம்தான். எவ்வளவு நல்ல திரையாக இருந்தாலும் அது ஒளியில் காட்டுவது, பேப்பரில் மை வேறு. பேப்பரில் ஒரு புரூஃப் (மாதிரிப் பிரதி) போட்டு அண்ணாச்சி கையில் கொடுத்திருக்க வேண்டும். அந்தப் பங்கு என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். அச்சுக்கான நாலு பிளேட்டும் வீணான ஆர்ட் பேப்பரும் சேர்த்து 6,300 ரூபாய் என் கையிலிருந்து போனது. அண்ணாச்சி பாதி தருகிறேன் என்றார், வாங்கிக்கொள்ள மனம் வரவில்லை.

ஆனால் உட்கார்ந்தவன் கண்ணுக்கு ஒன்றும் நின்றவர் கண்ணுக்கு ஒன்றுமாக எப்படித் தெரிந்தது? அன்று ராத்திரியே வலது மானிட்டர் முன்னால் எழுந்து நின்று பார்த்தேன். நிற்க நிற்க வெளுக்கிறது, முழங்காலிட்டுக் கீழேயிருந்து பார்த்தால் அம்மன் முகம் நெகட்டிவ் மாதிரி புரண்டு கறுக்கிறது. இது ஐபிஎஸ்ஸே இல்லை, டிஎன் பேனல் என்கிற பழைய, மலிவான திரை வகை. டிஎன் பேனலில் மேலும் கீழும் பார்க்கிற கோணம் மாறினால் கலர் மாறும், அதன் பிறவிக் குணம் அது. அந்த வகையில் பெரும்பாலானவை 6 பிட் வேறு, அதாவது ஒவ்வொரு வண்ணத்துக்கும் 64 படிதான், மொத்தம் 2,62,144 நிறம். 8 பிட் என்றால் 256 படி, 1,67,77,216 நிறம். அம்மனுக்குப் பின்னால் வானத்தில் நான் போட்டிருந்த மெல்லிய நிற மாற்றம் வலது திரையில் மட்டும் வரிவரியாகத் தெரிந்ததற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

அப்புறம் ஒரு நண்பன் சொல்லி, இடிஐடி படிக்கிற இலவச மென்பொருள் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். மானிட்டர் தன்னைப் பற்றிக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற தகவல் அது, தயாரிப்பாளரின் மூன்றெழுத்துக் குறியீடு, தயாரித்த வாரம், வருஷம் எல்லாம் அதில் இருக்கும். வெளியே ஒட்டியிருந்த ஸ்டிக்கர் இரண்டிலும் ஒன்றேதான். உள்ளே இரண்டுக்கும் குறியீடு வேறு வேறு. வலது மானிட்டர் தன் பிறந்த வருஷம் 2013 என்கிறது! எங்கோ ஆபீஸில் ஓடிக் கழித்த மானிட்டரைப் பிரித்து, புதுப் பிளாஸ்டிக் மாட்டி, புதுப் பெட்டியில் போட்டுப் புதுசு என்று விற்றிருக்கிறார்கள். செகண்ட் ஹேண்ட் என்று சொல்லி 2,500-க்குக் கொடுத்திருந்தால் சந்தோஷமாக வாங்கியிருப்பேன், அதில் ஒரு தப்பும் இல்லை.

இரண்டையும் தூக்கிக்கொண்டு மதுரைக்குப் போனேன். கல்லாவில் இருந்தவர் மூன்று பதில் வைத்திருந்தார். எஸ்டிமேட்டில் ரிட்டர்ன் இல்லை என்று அச்சடித்திருக்கிறதாம். இங்கேதான் வாங்கினேன் என்பதற்கு பில் இருக்கிறதா என்றார். கடைசியாக, “பிசினசுக்கு வாங்கினா நீங்க கன்ஸ்யூமரே இல்ல சார்.” இந்த மூன்றாவதை நம்பித்தான் பலர் திரும்பி வந்துவிடுகிறார்கள், நானும் பஸ் ஏறிவிட்டேன். ஆனால் 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே, சுயதொழில் செய்து தன் பிழைப்பை நடத்துவதற்காக மட்டுமே ஒருவர் வாங்கிப் பயன்படுத்துகிற பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று விளக்கம் இருக்கிறது. வீட்டில் தனியாளாக உட்கார்ந்து டிசைன் போடுகிறவன் அதற்குள் வருவான். பில் இல்லாவிட்டாலும் ஜிபேயில் அந்தக் கடைப் பெயருக்குப் பணம் போன பதிவு இருந்தது, கடைக்காரர் போனில் சமாளித்ததன் தொடர்ச்சி வாட்ஸ்அப்பிலும் இருந்தது. 1915-க்கு அழைத்து, அந்த தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்தேன். கேஸ் போட வேண்டும் என்றால் பிரச்சினை எழுந்து இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரைக்கும் என்றால் கட்டணம் கிடையாது என்பதையும் தெரிந்துவைத்துக்கொண்டு, அதை அப்படியே கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

பதினோராவது நாள் அவரே கூப்பிட்டார். வலது மானிட்டருக்கு மட்டும் 7,200 திருப்பித் தந்தார், பிளேட்டுக் காசைப் பற்றிப் பேசவே விடவில்லை. இடதைத் திருப்பி எடுக்க முடியாது என்றார். அதுவும் புதுசு இல்லைதான், ஆனால் ஐபிஎஸ், பரவாயில்லாமல் ஓடுகிறது. ஆடிக்கு முன்னால் இன்னும் அலைய எனக்குத் தெம்பு இல்லை, வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வாங்கப் போகிறவர்களுக்கு, ஜோடி என்ற ஆசையை முதலில் விடுங்கள். கையில் இருக்கிற காசை ஒரே திரையில் போட்டு, சர்வீஸ் சென்டர் இருக்கிற கம்பெனியின் ஐபிஎஸ் ஒன்றை ஜிஎஸ்டி பில்லோடு வாங்குங்கள்; கலர் பார்ப்பது அதில் மட்டும். பக்கத்தில் வைக்கிற இரண்டாவது எது வேண்டுமானாலும் இருக்கலாம், வீட்டில் கிடக்கும் பழசு போதும். அட்டையில் “45 சதவீதம் என்டிஎஸ்சி” (நிறங்களை அளக்கிற இன்னொரு பழைய அளவுகோல்) என்று இருந்தால் அதை எஸ்ஆர்ஜிபி என்று நம்பாதீர்கள், 72 சதவீதம் என்டிஎஸ்சிதான் ஏறக்குறைய எஸ்ஆர்ஜிபிக்குச் சமம். பின்பக்கம் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள், பிஐஎஸ் கேர் ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயருக்குப் பதிவானது என்று காட்டும். கறுப்பிலிருந்து வெள்ளைக்குப் போகிற சாம்பல் பட்டை ஒன்றைப் பென் டிரைவில் கொண்டுபோங்கள், கிளி வீடியோவை நிறுத்தச் சொல்லிவிட்டு அதை ஓட்டி, உட்கார்ந்தும் நின்றும் பாருங்கள். இரண்டு பெட்டி என்றால் இரண்டையும் பிரிக்கச் சொல்லுங்கள், கடைக்காரர் முகம் சுளித்தாலும்.

இப்போது என் மேசையில் இடது பக்கம் அந்த ஐபிஎஸ், வலது பக்கம் பரணில் இருந்து இறக்கிய பழைய 19 இஞ்ச். அதில் பஞ்சாங்க மேட்டரும் வாட்ஸ்அப்பும் மட்டும். அண்ணாச்சி வந்தால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்கிறேன்.